வங்கி முகப்பிடத்தில் நான் சொன்ன பொய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாட்சாப்பில் வரும் பகுதிநேர வேலை அழைப்புகளை நம்பி ஏமாற வேண்டாம் என்ற எச்சரிக்கை நாளிதழ்களிலும் வானொலியிலும் ஓயாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவற்றைப் படிக்காதவள் அல்ல நான். படித்துவிட்டு, ‘இதற்கெல்லாமா ஏமாறுவார்கள்’ என்று வீட்டில் பேசியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நானே சென்ற ஆண்டு 1,850 ரிங்கிட்டைப் பறிகொடுத்தேன். எந்த வேலையின் பெயரால் ஏமாந்தேனோ அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறது என்பதும், அதை நான் சில ஆண்டுகளாக முறையாகச் செய்துவருகிறேன் என்பதும்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டின.

‘மிஸ்டரி ஷாப்பர்’ எனப்படும் மர்ம வாடிக்கையாளர் வேலையைப் பற்றி நம் பக்கத்தில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெட்ரோல் நிலையம், துரித உணவகம், கைப்பேசிக் கடை, பேரங்காடி போன்றவற்றை நடத்தும் நிறுவனங்கள், தங்கள் கிளைகளில் வாடிக்கையாளர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை அறிந்துகொள்ள, வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சாதாரண ஆட்களை அனுப்புகின்றன. போகிறவர் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் பொருள் வாங்கி, பார்த்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். கழிப்பறையில் சவர்க்காரம் இருந்ததா, பணம் வாங்கிய பையன் பெயர்ப்பட்டை அணிந்திருந்தானா, எத்தனை நிமிடத்தில் நம்மைக் கவனித்தான், ரசீதைக் கேளாமலே கொடுத்தானா என்றெல்லாம் கேள்விகள் இருக்கும். கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைப் படிப்பதுபோல நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியே வந்ததும் மோட்டார் சைக்கிள் இருக்கையிலேயே உட்கார்ந்து மறப்பதற்குள் எழுதிவிடுவது என் வழக்கம்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பணிக்கு எனக்குக் கிடைப்பது 20 முதல் 40 ரிங்கிட். அதுவும் அடுத்த மாதமோ அதற்குப் பிறகோதான் கணக்கில் விழும். உணவகப் பணியென்றால் இத்தனை ரிங்கிட் வரை சாப்பிடலாம் என்று வரம்பு இருக்கும். 15 ரிங்கிட் வரம்பில் 16 ரிங்கிட் 20 காசுக்குச் சாப்பிட்டால் மீதி நம் பாடு. ரசீதின் படம் மங்கலாக இருந்தால் பணியே தள்ளுபடியாகும். வயிறு நிறையும், பை நிறையாது என்று என் கணவர் கேலி செய்வார். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய். விக்டோரியா, ஹென்ரியெட்டா என்று தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருந்தாலும், பால்மரமும் செம்பனையும் எங்களுக்குச் சோறு போட்ட காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்கு வந்த குடும்பங்களில் ஆண்கள் கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ஷிப்டு வேலையை விட்டு நின்ற என்னைப் போன்ற பெண்கள், கையில் கைப்பேசியும் மனத்தில் மாதக் கடைசியுமாக இருக்கிறோம். அந்த நிலையில் வந்த அழைப்பு அது.

வேலை கொடுத்துவந்த நிறுவனத்தின் சின்னத்தையே தன் படமாக வைத்திருந்த ஒருவர், தமிழில், ‘அக்கா’ என்று அழைத்துச் செய்தி அனுப்பினார். புதிய பிரிவு தொடங்கியிருக்கிறோம், அனுபவமுள்ளவர்களைத்தான் சேர்க்கிறோம் என்றார். முதல் பணியாக லூனாஸில் ஒரு கடையில் சலவைத்தூள் வாங்கி ரசீதை அனுப்பச் சொன்னார்; அன்று மாலையே 80 ரிங்கிட் வந்துவிட்டது. உண்மையான நிறுவனம் ஒருநாளும் அன்றைய கூலியை அன்றே அனுப்பியதில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ இவர்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். அந்த 80 ரிங்கிட், வேறு எங்கோ ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கையில் நெஞ்சு கூசுகிறது.

இரண்டாவது பணி, வங்கியின் முகப்பிடச் சேவையை மதிப்பிடுவது. அவர்கள் கொடுக்கும் ‘பரிசோதனைக் கணக்கில்’ 1,850 ரிங்கிட் செலுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தொகையும் 150 ரிங்கிட் கூலியும் திரும்பி வரும் என்றார். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட நெகிழ்வுக் கணக்கிலிருந்து மகளின் படிப்புச் செலவுக்கென்று எடுத்த பணம் கைவசம் இருந்தது. அலுவலர் ஏதாவது கேட்டால் தெரிந்தவருக்கு என்று மட்டும் சொல்லுங்கள், பணியைப் பற்றி வாய்திறந்தால் மதிப்பீடு செல்லாது என்பது அவருடைய கடைசிக் கட்டளை.

முகப்பிடத்தில் இருந்தது ஓர் இளம்பெண். செலுத்துச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “அக்கா, இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். கணக்குக்குரியவரின் பெயர் சீனப் பெயராக இருந்ததால், வீட்டுக்காரர், வாடகைப் பாக்கி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். “நேரில் பார்த்துப் பேசியிருக்கிறீர்களா?” என்று மறுபடியும் கேட்டார். பல வருடமாகத் தெரியும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் மனத்துக்குள் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்: முகம் பார்த்துப் பேசினார், ஆம், பணிவாகக் கேட்டார், ஆம், வரிசையில் காத்திருந்தது, ஒன்பது நிமிடம். வீட்டுக்கு வந்து எழுதிய அறிக்கையில் அந்தப் பெண்ணுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காகவே அந்த முகப்பிடத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளிடம் பொய் சொல்லிவிட்டு, அவருக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லாரும் அறிந்த கதை. கணினியில் தொகை சிக்கிக்கொண்டது, விடுவிக்க இன்னும் 3,700 ரிங்கிட் கட்ட வேண்டும் என்றார்கள். மகள்தான் கைப்பேசியைப் பிடுங்கினாள். தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்து, காவல் நிலையத்தில் புகாரும் செய்தோம். அதற்குள் பணம் அந்தக் கணக்கை விட்டுப் போயிருந்தது. இவ்வகையில் போன பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்குக் கூலியில்லாமல் கொடுப்பதாகும்.

முன்னெச்சரிக்கையாகச் சொல்லப்படும் வழிகளும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். நிறுவனப் பதிவாணையமான எஸ்.எஸ்.எம்.மில் பெயரைத் தேடினால் நிறுவனம் இருப்பது தெரியும். ஆனால் நமக்குச் செய்தி அனுப்புகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பது தெரியாது. காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கெண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லதுதான்; ஆனால் அது ஏற்கெனவே புகார் செய்யப்பட்ட எண்களைத்தான் காட்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணைப் பிறகு தேடிப் பார்த்தேன். ஒரு புகாரும் இல்லை. முதல் புகார் என்னுடையதாக இருந்திருக்கும்.

ஏமாற்றுக்காரர்கள் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்களை நான் காண்கிறேன். உண்மையான பணியிலும் முதலில் நம் பணத்தைத்தான் செலவிடுகிறோம், உண்மையான பணியிலும் இரகசியம் காக்கிறோம். ஆகவே பணம் கட்டச் சொன்னதும், வாய்திறக்காதே என்றதும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பழகிய செருப்பில் கால் நுழைவதுபோல நுழைந்துவிட்டேன். வேறுபாடு எங்கே என்றால், முறையான பணியில் என் பணம் கடையின் கல்லாவுக்குப் போகிறது. பதிலுக்குப் பொருளும் ரசீதும் அங்கேயே என் கைக்கு வருகின்றன. தனி ஆளின் கணக்குக்கு ஒரு காசுகூடப் போனதில்லை. பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்கப்பட்டதும் இல்லை. இரகசியமும் கடை ஊழியரிடம் மட்டும்தான்; கணவரிடமோ வங்கியிலோ போலீசிலோ மறைக்கச் சொல்லும் பணி எந்த நிறுவனத்திலும் கிடையாது.

இது நம் ஊரில் முளைத்த வித்தையும் அல்ல. அமெரிக்காவில் மர்ம வாடிக்கையாளருக்குப் பெரிய தொகைக்குக் காசோலை அனுப்பி, அதை வங்கியில் போட்டு, கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பண அனுப்பு நிலையம் ஒன்றின் வழியாக அனுப்பி அந்த நிலையத்தின் சேவையை மதிப்பிடும்படி சொல்வார்கள். அல்லது பரிசு அட்டைகள் வாங்கி அவற்றின் எண்களை அனுப்பச் சொல்வார்கள். கணக்கில் தொகை தெரிவதால் காசோலை நல்லது என்று ஆள் நம்புகிறார். சில நாளோ சில வாரமோ கழித்து அது போலி என்று தெரியும்போது, அனுப்பிய பணத்தை வங்கிக்குத் தன் கையிலிருந்து கட்ட வேண்டியவர் அவரே. அங்கே 1998இல் தொடங்கிய எம்.எஸ்.பி.ஏ. என்ற, மர்ம வாடிக்கையாளர் பணி தரும் நிறுவனங்களின் சங்கத்துக்கு ஆசிய பசிபிக் கிளையும் உண்டு. அது உறுப்பு நிறுவனங்களைக் கொண்ட அமைப்பே தவிர, நேரடியாக ஆள் எடுப்பதில்லை. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலை தருகிறவரையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இன்னொரு வடிவம் இதைவிடக் கொடுமையானது. எங்கள் வரிசையில் உள்ள ஒரு பையனிடம், உன் கணக்குக்குப் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றி வங்கிச் செயலி எத்தனை வேகமாக இயங்குகிறது என்று மதிப்பிடு என்றார்கள். அவனுக்கு நட்டம் இல்லை, லாபம்தான். ஆனால் வந்த பணம் என்னைப் போன்றவர்களுடையது. கணக்கு முடக்கப்பட்டது, அதில் கிடந்த தொழிற்சாலைச் சம்பளமும் சேர்ந்து முடங்கியது, விசாரணைக்கு வேறு மாநிலத்திலிருந்து அழைப்பு வந்தது. மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ எனப்படும் இந்தக் கழுதைக் கணக்குகளுக்காகவே 2024இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பொதி சுமந்ததற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும் என்பது எங்கள் பையன்கள் பலருக்கு இன்னும் தெரியாது.

தங்கள் நாளிதழின் வழியாக இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். மர்ம வாடிக்கையாளர் பணி தரும் நிறுவனங்கள், தாங்கள் எந்த வழியில் மட்டுமே ஆட்களைத் தொடர்புகொள்வோம் என்பதை மலாய், தமிழ், சீன மொழிகளில் தங்கள் தளத்தின் முதற்பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். என்னிடம் அவர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றியதை அறிவித்தபோது, அனுதாபம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வங்கிகளும் ‘தெரிந்தவரா’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா’ என்று கேட்க வேண்டும். அப்படி அன்று கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து அதே முகப்பிடத்துக்குப் போய், அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பணம் எண்ணும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை அக்கா, இந்த மாதம் மூன்று பேர் என்னிடம் வாடகை கட்டினார்கள்” என்றார்.

இப்படிக்கு,
வாசகி,
பாடாங் செராய், கெடா.