சாளையும் அயிலையும்

மக்கா சேவியர்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே. மைனி கேட்ட கருவாடு அடுத்த வாரம் வரும்.

இப்போது எழுத வைத்தது உன் தம்பி. ஆலப்புழையில், மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் ரிங் வலை வள்ளம் ஒன்றில் பங்கு எடுக்கப் போகிறானாம். பிடிப்பது சாளையும் அயிலையும்; வெளியூரில் மத்தி, கானாங்கெளுத்தி என்பார்களே, அவைதான். கடனுக்கு நான் ஜாமீன் போட வேண்டுமாம். "சாளை திரும்பி வந்தாச்சுண்ணே. வராவிட்டாலும் அயிலை இருக்கு" என்கிறான். அந்த இரண்டாவது வரிதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

கேரளத்தில் 2012-இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை. 2021-இல் 3,297 டன். கடல் மாறியதும் காரணம், பொடிமீனை அள்ளியதும் காரணம். சரி, அதை விடு. ஒரே மீனை நம்பிய தொழில் என்றால், மீன் அருகியதும் டீசல் காசுகூடத் தேறாது. வள்ளம் தானாகக் கரையேறும், மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இவர்கள் வலையில் இரண்டு மீன். சாளை இல்லாத நாளிலும் அயிலை டீசல் காசைக் கொடுத்துவிடும். வள்ளம் ஓடும், மிஞ்சிய சாளையும் கூடவே ஏறும்.

இதில் இன்னொரு கூத்து. இரண்டுமே கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைத் தின்று வளர்பவை. சாளை தேய்ந்தால் அயிலைக்குத் தீனி கூடலாம். அயிலை கூடினால் வள்ளத்துக்கு இலாபம். இலாபம் இருக்கும்வரை சாளைக்கு விடிவில்லை. 2018-இல் நாட்டிலேயே அதிகம் பிடிபட்டது அயிலைதான், தெரியுமா? உன் தம்பி ஆறுதலாகச் சொல்வதே சாளைக்குத் தோண்டும் குழி.

கடலுக்கு ஒரே முதலாளி இருந்தால், அயிலை வருமானம் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று வலையைச் சுருட்டி வைப்பான். சாளை பெருகியபின் எடுத்துக்கொள்ளலாமே. இத்தனை வள்ளத்தில் எவன் வைப்பான்? அவன் விட்டதை அடுத்தவன் அள்ளுவான். சிரிக்காதே, வாத்தியார் வீட்டு மாமரத்தில் நாம் வேறென்ன செய்தோம்?

திரும்பி வந்த சாளையும் 2024-இல் பொடியாக வந்து, கரையில் கிலோ 20, 30 ரூபாய்க்குப் போனது. 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. அதைச் சொன்னேன். "வலைக்குள்ள ஸ்கேல் வச்சா அளக்க முடியும்ணே?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாளோடு வருவான். போடவா, வேண்டாமா? போன் பண்ணாதே, பாதி நேரம் இங்கேதான் கிடக்கிறான். எழுது.

உன்,
அந்தோணி