ஆன்டெனாவைக் கழற்றிப் பார்க்கிற வேலை

திருப்பாப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சரியில்லை. "என்னைக் கருவியோட இரைச்சலை அளக்கிற வேலையிலேயே போட்டுட்டாங்கப்பா, கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் மத்தவங்களுக்கு" என்றாய். அதற்குள் அம்மா போனை வாங்கி, அங்கே குளிர் எப்படி, என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது.

நீ என்ன படிக்கிறாய் என்பது எனக்குப் புரிந்ததே தேவனாம்பட்டினத்தில்தான். பொங்கலுக்கு வந்திருந்தபோது விடியற்காலையில் போனோமே. ஒரே பனி. பத்தடி தள்ளி என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. படகு எதுவும் கண்ணில் படாமல் இன்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது என்றாய். எலக்ட்ரான்கள் ஒளியை நேராகப் போகவிடாமல் சிதறடித்ததால், எத்தனை பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அதற்கு முந்தைய காலம் தெரியாது. வெளியையே லேசாக நீட்டிச் சுருக்கிக்கொண்டு போகிற ஈர்ப்பு அலையை மட்டும் அந்தப் பனி தடுக்காது, படகுச் சத்தம் மாதிரி வந்துவிடும் என்றாய்.

வீட்டுக்கு வந்து பழைய டீவியைப் போட்டாய். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாகப் பொரியுமே, அதில் ஒரு சின்னப் பங்கு அந்தப் பனி விலகியபோது கிளம்பிய ஒளி என்று காட்டினாய். முப்பது வருஷம் நான் ரேடியோ, டீவி ரிப்பேர் கடையில் விரட்டிக்கொண்டிருந்த புள்ளி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை பாப்பா.

அப்புறம் ஈர்ப்பு அலையை விண்வெளியில் இருந்தே பிடிக்கப்போகிற உங்கள் லீசாவைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர், 2035 வாக்கில் கிளம்பும். பிரபஞ்சத்துக்கு ஒரு நொடிகூட ஆகாத வயதில், உலை கொதிக்கும்போது குமிழி எழும்புவது போல அது நிலை மாறியிருந்தால், அந்தக் குமிழிகள் ஒன்றோடொன்று மோதிய அதிர்வு இன்றைக்கும் லேசான முனகலாக இருக்கும். இப்போது தெரிந்த இயற்பியல்படி அந்த மாற்றம் குமிழி இல்லாமல் சாதுவாகத்தான் நடந்திருக்க வேண்டும். ஆகவே முனகல் கேட்டால், இதுவரை தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். 2015 செப்டம்பர் 14-ல் அமெரிக்காவில் முதல் ஈர்ப்பு அலை பிடிபட்டபோது, 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களிலும் 7 மில்லிநொடி வித்தியாசத்தில் ஒரே கோடு விழுந்தது. ஒன்றுக்கு இன்னொன்று சாட்சி. உங்கள் மூன்று கலமும் சேர்ந்து ஒரே கருவிதானே? ஒத்துப்பார்க்கப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. போதாததற்கு, நீங்கள் தேடுகிற முனகலே இரைச்சல் போலத்தான் இருக்குமாம். நம் பால்வெளியில் ஒன்றையொன்று சுற்றும் வெள்ளைக் குறுமீன் ஜோடிகளின், அதாவது எரிந்து அடங்கிய சின்ன நட்சத்திர ஜோடிகளின், முனகல் வேறு மேலே போர்த்தியிருக்கும்.

கடைக்கு 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கிற ரேடியோ வந்தால் நான் முதலில் செய்வது என்ன? நீ சின்னப் பிள்ளையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆன்டெனா வயரைக் கழற்றுவேன். சத்தம் நின்றால் அது வெளியிலிருந்து வந்தது. நிற்கவில்லை என்றால் செட்டுக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தைத் திறந்தால் ஃபில்டர் கண்டென்சர் தலை உப்பியிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் செய்யாமல், கரண்டில்தான் கோளாறு என்று சொல்லி ஒருவரை அனுப்பிவிட்டேன். இலங்கை வானொலி கேட்காமல் இருக்க மாட்டாத பெரியவர். பத்து நாளில் கண்டென்சர் வெடித்துச் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று கலங்களின் அளவீட்டையும் ஒரு விதமாகச் சேர்த்தால் ஈர்ப்பு அலை ஏறக்குறைய அடங்கிப்போகும், கருவியின் சொந்த இரைச்சல் மட்டும் மிஞ்சும் என்று சொன்னாயே, அது ஆன்டெனாவைக் கழற்றிப் பார்க்கிற வேலைதான். அதைத்தான் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதை மட்டமாக நினைக்காதே. 2014 மார்ச்சில் தென்துருவத் தொலைநோக்கிக்காரர்கள், ஆதி ஈர்ப்பு அலையின் தடம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷமே, அவர்கள் பார்த்ததில் நம் பால்வெளியின் தூசியே பெரும்பங்கு, ஆதி அலைக்கு அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று தெரிந்தது. நீதானே இதைச் சொன்னாய், அவர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே. அவர்கள் திறமைசாலிகள். நடுவில் என்ன கிடக்கிறது என்பதுதான் அப்போது முழுசாகத் தெரியவில்லை. 2035-க்குப் பிறகு ஒருநாள் யாராவது 'கேட்டுவிட்டது' என்று சொன்னால், முதல் கேள்வி உன் பக்கம்தான் வரும்: செட்டின் சொந்தச் சத்தம் எவ்வளவு?

சரி, எனக்கு ஒரு சந்தேகம். ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் பக்கத்து ஸ்டேஷன் வயரிங் வழியாக உள்ளே ஏறுவது உண்டு. உங்கள் கணக்கில், அலை வேகமாக ஆடும்போதும் அது அடங்குமா, கொஞ்சம் கசியுமா? போனில் சொன்னால் எனக்குப் பிடிபடாது. படம் போட்டு எழுது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா