ஓய்னா தீவுடா!

டேய் சரவணா,

ரொம்ப நாளா சத்தமே இல்லன்னு திட்டிக்கிட்டு இருப்ப, திட்டிக்கோ. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுதா? பாண்டி இன்னும் அதே பைக்தானா?

விஷயம் என்னன்னா ஆஸ்லோல இருந்து ட்ரோம்சோவுக்கு மாத்திட்டாங்க. நார்வேல வடக்குக் கோடி. டவுனே ஒரு தீவு மேலதான் இருக்கு, 1960ல கட்டின பாலம் அந்தப்பக்கக் கரைக்குப் போகுது. ஊர் பேர்ல என்னடா இருக்குன்னு நோண்ட ஆரம்பிச்சேன், இப்ப ராத்திரி தூக்கம் போச்சு.

நார்வேக்காரன் தீவை 'ஓய்'ங்கறான். நம்ம மணி சார் வராண்டாவுல நின்னு கூப்பிடுவாரே, கிட்டத்தட்ட அதே ஓய். நிறைய இருந்தா ஓயெர். இங்க ரெண்டு லட்சத்துக்கு மேல தீவு இருக்காம், அப்ப எத்தன ஓய் கூப்பிடணும் பாரு. வைக்கிங் காலத்துல பேசின பழைய நார்ஸ் மொழில இது 'ஏய்', நிறையன்னா 'ஏயார்'. ஐஸ்லாந்துல இன்னும் அப்படியே ஓடுது, 1963ல கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு ஒரு தீவு முளைச்சப்பகூட சுர்ட்ஸேய்னு அந்த வாலத்தான் ஒட்டுனாங்க. வைக்கிங் பசங்க போன இடமெல்லாம் விட்டுட்டு வந்திருக்கானுங்க, ஸ்காட்லாந்துக்கு மேல இருக்கற ஆர்க்னியோட வால்ல வர்ற 'இ' சத்தம்கூட இதோட மிச்சம்தான். இன்னும் தோண்டுனா தண்ணிங்கற வேர்ல போய் நிக்குது, லத்தீன் 'அக்வா'வுக்குச் சொந்தம். இங்கிலீஷ் 'ஐலண்ட்'லயும் முதல் பாதி இதே சாதிதான், நடுவுல வாயே திறக்காத அந்த எஸ், லத்தீன் வழி வந்த 'ஐல்'ல இருந்து பின்னாடி யாரோ சொருகினது. ஸ்பெல்லிங் டெஸ்ட்ல நாம வாங்கின அடிக்கெல்லாம் யாருடா பொறுப்பு?

நீ தமிழ் வாத்தியார், உனக்குப் பிடிக்கறது இதான்: டேனிஷ்லயும் ஸ்வீடிஷ்லயும் தீவுக்கு ஒரே எழுத்து. ஓ சொல்ற மாதிரி உதட்டக் குவிச்சுக்கிட்டு ஏ சொல்லு, அவ்ளோதான் தீவு. மேற்கு டென்மார்க் பேச்சுல 'ஆத்துக்குள்ள இருக்கற தீவுல இருக்கேன்'ங்கறத வெறும் உயிரெழுத்தா வச்சே சொல்லி முடிச்சிருவாங்களாம். டென்மார்க்காரன் நானூறு வருஷத்துக்குக் கிட்ட நார்வேய ஆண்டுட்டு 1814ல போயிட்டான், தீவுக்கான அந்த ஒத்தை எழுத்து போகல, ஊர்ப் பேரோட வால்லயே நின்னுடுச்சு. அதனாலதான் டவுன் பேர் ட்ரோம்சோ, அது உக்காந்திருக்கற தீவு மட்டும் ட்ரோம்சோயா.

வீட்டுக்காரிக்கு இதுல ஒண்ணும் இன்ட்ரஸ்ட் இல்ல. நவம்பர் கடைசில இருந்து ஜனவரி நடு வரைக்கும் அங்க சூரியனே எழாதுடா. இங்கயே குளிர்காலத்துல ஜன்னல்கிட்ட உக்காந்து பேசாம இருப்பா, அங்க என்ன ஆகுமோன்னு நெஜமாவே பயமா இருக்கு. நீ ஒரு தடவ போன் பண்ணி அவகிட்ட பேசு, நான் சொன்னேன்னு சொல்லாத.

அப்புறம் நன்னூல்ல ஓரெழுத்து ஒருமொழி நாப்பத்திரண்டு வருமே, அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு. ஆபிஸ்ல ஒரு டேனிஷ்காரன் ரொம்பத்தான் பீத்திக்கறான்.

உன்
குமாரு