60 நாளுக்குள் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

டாலஸ் வட்டாரத்தில் எச்-1பி விசாவில் (நிறுவனம் மனு போட்டு வாங்கித் தரும் அமெரிக்க வேலை விசா) இருந்து வேலை இழந்த குடும்பங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும்,

வணக்கம்.

பிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் ஒரு வீட்டில் லேஆஃப் என்றால் போன் வரிசையாக அடிக்கும். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிடும்" என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக வேறு சிலருக்கு. சரியான தேதியைச் சொன்னவர்கள், சரியான படிவத்தை எடுத்துக் கொடுத்தவர்கள், "இதில் கையெழுத்துப் போடாதே" என்று தடுத்தவர்கள் இவர்கள்தான். இவர்களால் மிச்சமான நாட்களில்தான் பல குடும்பங்கள் மூச்சு விட்டன. உதவி இன்னது என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, காசு வாங்காமல் ஆலோசனை சொன்ன குடியேற்ற வழக்கறிஞர் அக்காவுக்கு. யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எந்தத் தேதி வரைக்கும் போட்டிருக்காங்க?" என்பதுதான். 2017 ஜனவரி 17 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வேலை முடிந்த மறுநாள் தொடங்கி அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு) முடியும் தேதி, இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான் கிரேஸ் பீரியட், அதாவது வேலையில்லாமலும் இங்கே தங்கக்கூடிய அவகாசம். சனி, ஞாயிறு, தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் எல்லாம் கணக்கில் உண்டு. மனைவி, பிள்ளைகளின் எச்-4 (குடும்பத்தினர் விசா) கணக்கும் இதோடு சேர்ந்தே ஓடும். ஐ-94 முன்னதாக முடிகிறதா என்று பலர் பார்ப்பதே இல்லை. பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியை வைத்து விமான நிலையத்தில் ஐ-94-ஐக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அது அப்போதுதான் கண்ணில் படும்.

வேலை முடிந்த நாள் எது என்பதில்தான் பாதிக் குழப்பம். குடியேற்றத் துறை பொதுவாகச் சம்பளம் கணக்கிட்ட கடைசி நாளையே எடுத்துக்கொள்கிறது. இதற்காகப் பே ஸ்டப் என்ற சம்பளச் சீட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டிய பேரோல் (சம்பளப் பிரிவு) தம்பிக்கு எங்கள் நன்றி. அந்தத் தாளில் மூன்று தேதிகள் இருக்கும்: சம்பளக் காலம் தொடங்கிய நாள், முடிந்த நாள், பணம் வங்கியில் விழுந்த நாள். கண்ணில் படுவது மூன்றாவது, பெரும்பாலும் மேல் ஓரத்தில் தடித்த எழுத்தில். எண்ண வேண்டியது சம்பளம் கணக்கிட்ட கடைசி நாளுக்கு (பெரும்பாலும் இரண்டாவது) மறுநாளிலிருந்து. இரண்டுக்கும் இடையே ஒரு வாரம்கூட இருக்கலாம். அந்த ஒரு வாரம் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொள்பவர்தான் கடைசியில் மாட்டுவார். மொத்தமாக வரும் செவரன்ஸ் (வேலை நீக்க இழப்பீட்டு) தொகை இந்தத் தேதியைத் தள்ளிப்போடாது. "வேலைக்கு வர வேண்டாம், ஆனால் இரண்டு மாதம் பேரோலில் இருப்பீர்கள்" என்று சொன்னால் அது வேறு. அந்த நாட்கள் பெரும்பாலும் வேலைக்காலமாகவே பார்க்கப்படும். அப்போதும் அக்கா சொல்வது, "முந்தின தேதியை வைத்தே திட்டம் போடு, பிந்தினது கிடைத்தால் லாபம்."

லேஆஃப் கூட்டம் முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். அதனால் பே ஸ்டப், டபிள்யூ-2 (ஆண்டு வரிச் சான்று), எல்லா ஐ-797-ம் (குடியேற்றத் துறையின் ரசீது, அனுமதி அறிவிப்புகள்) சொந்த மின்னஞ்சலில் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று வருடா வருடம் நச்சரிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தொல்லைக்கும் நன்றி. எடுத்து வைக்க வேண்டியது நம் தாள்களை மட்டும். நிறுவனத்தின் கோப்பு ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

எச்-1பி-யைப் புது நிறுவனத்துக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டியவர் ஒரு சட்ட அலுவலக உதவியாளர். 60 நாளுக்குள் புது வேலை கிடைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். புது நிறுவனத்தின் ஐ-129 (எச்-1பி) மனு அதற்குள் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் தொழிலாளர் துறையில் எல்சிஏ (சம்பளம், வேலை நிலை பற்றிய) சான்று வாங்க 7 வேலை நாள் ஆகும். அந்த நிறுவனம் இதுவரை எச்-1பி போட்டதே இல்லை என்றால் வரி எண்ணைச் சரிபார்க்க இன்னும் சில நாள். பிறகு தாள் திரட்ட, கையெழுத்து வாங்க, கூரியரில் அனுப்ப. ஆக 40-ஆம் நாளுக்குள் ஆஃபர் கையில் இல்லையென்றால் நெருக்கடிதான். பிரீமியம் (கூடுதல் கட்டணத்தில் விரைவு வழி) என்பது தீர்ப்பு வரும் 15 வேலை நாளைப் பற்றியது. மனு போய்ச் சேரும் நாளை அது மாற்றாது. இன்னும் ஸ்டேட்டஸுக்குள் (சட்டப்படி தங்கும் நிலையில்) இருப்பவருக்கு மனு பதிவானாலே புது இடத்தில் வேலையைத் தொடங்கலாம். மனு திரும்பி வருவதற்கான காரணங்கள் சின்னச் சின்னவை: பழைய பதிப்புப் படிவம் (பக்கத்தின் அடியில் பதிப்புத் தேதி இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் அதேதானா என்று பார்க்க வேண்டும்), தப்பான முகவரி, தப்பான கட்டணம். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு காகிதக் காசோலையையும் பொதுவாக ஏற்பதில்லை. ஜி-1450 கடன் அட்டைப் படிவம் அல்லது ஜி-1650 வங்கிப் படிவம் வைக்க வேண்டும். இதையெல்லாம் இரவு பதினோரு மணிக்கும் சலிக்காமல் சரிபார்த்தவர் அவர்.

மூன்று வாரம் தள்ளியிருந்த நேர்காணலை நாலு நாளில் முடித்துக் கொடுத்த மேலாளர்களே, உங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை அமையாதவர்களுக்கு ஐ-539 (நிலை மாற்ற) படிவம் வழியாக பி-2 என்ற சுற்றுலா நிலைக்கு மாறும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. இணையத்தில் போட்டால் 420 டாலர், தாளில் 470. கூடவே வைக்கும் கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தத் தேதி வரை இருக்கப்போகிறோம், எதற்காக, செலவுக்குப் பணம் எங்கே. வீடு காலி செய்ய, பிள்ளையின் பள்ளிப் பருவம் முடிய என்று உண்மையான காரணத்தையே எழுதலாம். பி-2-வில் வேலை தேடலாம், நேர்காணலுக்குப் போகலாம் என்று குடியேற்றத் துறையே 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வேலை செய்யத்தான் கூடாது. இங்கே ஒரு பள்ளம் உண்டு. ஐ-539 நிலுவையில் இருக்க, 60 நாள் தாண்டிய பிறகு புது எச்-1பி மனு போனால், ரசீது வந்ததும் வேலையில் சேர முடியாது. அனுமதி வந்த பிறகுதான் சேர வேண்டும். "ரசீது வந்தாச்சு, திங்கட்கிழமை வாங்க" என்று அவசரப்படுத்திய நிறுவனத்திடம் பேசி, தொடக்கத் தேதியைத் தள்ளிவைத்தவர்களுக்குத் தனி வணக்கம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டுப் போனால் அது கைவிடப்பட்டதாகிவிடும் என்பதையும் நினைவூட்டினீர்கள்.

"பேசாமல் ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து திரும்பி வருகிறேன்" என்பது முன்பு சுலபமான யோசனை. 2025 செப்டம்பர் 21 முதல் அதைச் சொல்லும் முன் வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும். செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புது மனு போட்டால் 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளேயிருந்தே ஸ்டேட்டஸ் நீட்டிப்போ மாற்றமோ அனுமதிக்கப்பட்டால் அது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கமும் வந்தது. அந்த விளக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தவருக்கு நன்றி.

கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் "எல்லாம் போச்சு" என்று உடைந்து போவார்கள். ஐ-140 (நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு) அனுமதியாகி 180 நாள் கடந்திருந்தால், பழைய நிறுவனம் திரும்பப் பெற்றாலும் அதை வைத்துப் புது நிறுவனம் ஆறு ஆண்டுக்கு மேல் எச்-1பி நீட்டிக்கலாம்; வரிசைத் தேதியும் நம்மோடு வரும். அதற்கு ஐ-140 ரசீது எண் கட்டாயம் வேண்டும். நிறுவனம் நகல் தர மறுத்தாலும் எண்ணை மட்டுமாவது கேட்டு வாங்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. நிறுவனத் தாளில் பதவி, தொடங்கிய மற்றும் முடிந்த தேதிகள், முழுநேரமா என்பது, செய்த வேலையின் விவரம் எல்லாம் வைத்து அனுபவக் கடிதம் தந்த முன்னாள் மேலாளர்களுக்கும் நன்றி. அடுத்த பெர்ம் (கிரீன் கார்டுக்கான தொழிலாளர் துறைச் சான்று) விண்ணப்பத்தில் அந்தக் கடிதம்தான் பேசும். பதவியும் தேதியும் மட்டும் இருக்கும் மனிதவளத் துறைக் கடிதம் அதற்குப் போதாது.

செவரன்ஸ் ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்ன மனிதவளத் துறை அக்காமார்களே, நீங்கள் காப்பாற்றியது பணத்தை மட்டுமல்ல. ராஜினாமா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதக்கூடாது. நிறுவனம் தானாக வேலையைவிட்டு நீக்கினால் ஊருக்குத் திரும்பும் நியாயமான பயணச் செலவை அதுவே தர வேண்டும் என்பது எச்-1பி விதி (வேலை பார்த்தவருக்கு மட்டும், குடும்பத்துக்குக் கிடையாது). ராஜினாமா செய்தவருக்கு அந்த உரிமை இல்லை. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கூட்டமாக நீக்கும்போது ஒப்பந்தத்தை யோசிக்க 45 நாளும், கையெழுத்துக்குப் பிறகு திரும்பப் பெற 7 நாளும் தர வேண்டும். "இன்றைக்கே போடுங்கள்" என்பது வெறும் மிரட்டல். டெக்சாஸில் நீக்கப்பட்டவருக்குக் கடைசிச் சம்பளம் 6 நாளுக்குள் வர வேண்டும். எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா என்பது நிறுவனக் கொள்கையைப் பொறுத்தது.

மருத்துவக் காப்பீட்டில் கோப்ரா (பழைய நிறுவனக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் வழி) உறையைப் பார்த்ததும் விலையைக் கண்டு குப்பையில் போடுபவர்கள் அதிகம். மொத்த பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கேட்பார்கள், குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். ஆனால் தேர்ந்தெடுக்க 60 நாள், அதன்பின் முதல் தொகை கட்ட 45 நாள். தேர்ந்தெடுத்தால் காப்பீடு விட்ட நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும். எனவே உறையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஏதாவது என்றால் அப்போது எடுக்கலாம். கர்ப்பிணியோ, சர்க்கரை மருந்து தொடர்ந்து எடுப்பவரோ வீட்டில் இருந்தால் இந்தக் காத்திருப்பு வேண்டாம். அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேரவும் இதே போல 60 நாள் வாய்ப்பு உண்டு. காப்பீடு கடைசி நாளன்றே நிற்கிறதா, மாதக் கடைசி வரை ஓடுகிறதா என்று முதல் நாளே கேட்டுச் சொன்னவர்களால், பல் மருத்துவரும் 90 நாள் மாத்திரையும் அதற்குள் முடிந்தன.

401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்பை உடைத்துச் செலவு செய்யப் போனவர்களைத் தடுத்த கணக்காளர் அண்ணனுக்கு நன்றி. 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதமும் பொதுவாக உண்டு. அப்படியே விட்டாலும் ஓடிப்போகாது.

அடுக்ககக் குத்தகையை எங்களோடு உட்கார்ந்து படித்தவர்களே: டெக்சாஸில் பல குத்தகைகளில் ஒரு மாத வாடகையில் 85 சதவீதம் 'ரீலெட்டிங்' (மறுவாடகை) கட்டணம் என்று இருக்கும். அதைக் கட்டினால் குத்தகை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். புது ஆள் வரும்வரை மீதி வாடகைப் பொறுப்பு நம் தலையில்தான். ஆள் பிடித்துக் கொடுத்த குடும்பங்கள் செய்தது அந்தக் கட்டணத்தைவிடப் பெரிய உதவி. முன்பணம் 30 நாளுக்குள் திரும்ப, புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஊர் முகவரியானாலும் சரி.

பணம் கொடுத்தால் பேரோல் ஓட்டித் தருகிறோம் (வேலை பார்ப்பதாகப் பொய்யாகக் காட்டித் தருகிறோம்) என்று வரும் ஆட்களின் எண்ணை யாருக்கும் பகிராமல் இருந்தவர்களுக்கும், "டெலிவரி ஓட்டு, யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லாமல் இருந்தவர்களுக்கும் நன்றி. அனுமதியில்லாத வேலை பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

ஊருக்குக் கிளம்பியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேடும் தடுப்பூசி அட்டையும் ஒரே நாளில் எடுத்துத் தந்த பள்ளி அலுவலகத்தாருக்கும், இங்கே பிறந்த குழந்தைகளின் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) விண்ணப்பத்துக்குப் படம், கையெழுத்து, அளவு எல்லாம் பார்த்துப் பதிவேற்றித் தந்த தங்கைகளுக்கும் நன்றி. அமெரிக்கக் குழந்தைப் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான். 16 வயதுக்குக் கீழே புதுப்பிக்கப் பெற்றோர் இருவரும் வர வேண்டும், இல்லையேல் வராதவரின் டிஎஸ்-3053 சம்மதப் படிவம் வேண்டும். இருவரும் இங்கே இருக்கும்போதே முடிப்பது நல்லது.

போன் எண்ணை ஞாபகப்படுத்தியவருக்கும் ஒரு வார்த்தை. வங்கி ஓடிபி எல்லாம் அமெரிக்க எண்ணுக்குத்தான் வரும். இணைப்பைத் துண்டிக்கும் முன்பே, அது உயிரோடு இருக்கும்போதே, மலிவான ப்ரீபெய்டுக்கு மாற்ற வேண்டும். கூகுள் வாய்ஸுக்கும் மாற்றலாம், ஆனால் சில வங்கிகள் அதற்கு ஓடிபி அனுப்புவதில்லை.

கடைசியாக, காரை வாங்கிக்கொண்டவர்களுக்கும் விற்றுத் தந்தவர்களுக்கும். டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் கையெழுத்து, 130-யூ (உரிமை மாற்ற) படிவத்தில் இரு தரப்புக் கையெழுத்து, நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்தல், 30 நாளுக்குள் வாகனத் துறைக்கு விற்பனை அறிவிப்பு, கண்ணாடியில் ஒட்டிய டோல் டேகைப் பிய்த்தெடுத்தல் என்று ஒன்றும் விடாமல் செய்தீர்கள். டேகை மறந்தால் அடுத்தவர் ஓட்டும் ஒவ்வொரு சுங்கமும் கோயம்புத்தூரில் இருப்பவரின் கணக்கில் ஏறும். விற்பதற்குள் கிளம்ப வேண்டியவர்கள் விடிஆர்-271 அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு உங்களிடம் விட்டுப்போனார்கள். அந்த வண்டிகளில் இன்னும் இரண்டு விற்காமல் நிற்கின்றன. வாங்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
டாலஸ் வட்டாரத் தன்னார்வ நண்பர்கள்