கழிப்பறை, கைகழுவுமிடத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தொடக்கப் பள்ளியின் கழிப்பறைகளும் கைகழுவுமிடமும் வேலை முடிந்து பிள்ளைகளின் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. அக்டோபர் மாதம் முழுக்கப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிகளில் திரண்ட நிதிதான் இதற்கு ஆதாரம். பணம் எப்படி வந்தது, எப்படிச் செலவானது, எதை எதற்காக இப்படிக் கட்டினோம், இன்னும் என்ன பாக்கி என்று உங்களிடம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளாக இணைத்திருக்கிறோம். அந்தத் தாளில் இடம்பெறாத விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பழைய கழிப்பறையை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. கூரை ஒழுகவில்லை, தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. பிரச்சினை முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் பாட்டிலில். காலையில் நிரப்பிக் கொடுத்து அனுப்பும் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது என்று தாய்மார் சிலர் கூட்டத்தில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். விசாரித்தால், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என்று உடம்பு கெடும். பாடத்திலும் மனம் நிற்காது.

என்ன செய்யலாம் என்று பேசியபோது புது டைல்ஸ், புது பெயின்ட் என்றுதான் யோசனைகள் வந்தன. அப்போது ஓர் ஆசிரியை, "போகப்போவது பிள்ளைகள், அவர்களிடம் கேட்போமே" என்றார். இந்தத் திருப்பணியில் உருப்படியாக நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தொடக்கம் என்று குழு நினைக்கிறது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இதை நாம் பிள்ளைகளுக்குக் காட்டிய சலுகையாக யாரும் எண்ண வேண்டாம்.

சின்னச் சின்னக் குழுக்களாக, பெண் பிள்ளைகளைத் தனியாகவும் ஆண் பிள்ளைகளைத் தனியாகவும் ஆசிரியர்கள் கழிப்பறைக்கு அழைத்துப் போய் எது பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் படம் வரைந்தார்கள். டைல்ஸைப் பற்றி ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. தாழ்ப்பாள் எட்டவில்லை. கதவுக்கு அடியில் இடைவெளி பெரிதாக இருக்கிறது, யாராவது குனிந்து பார்ப்பார்களோ என்று பயம். உள்ளே இருட்டு. ஃப்ளஷ் கைப்பிடி கனமாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. கைகழுவும் குழாய் உயரத்தில் இருப்பதால் கையைத் தூக்கினால் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டை நனைகிறது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவு ஒன்றை வரைந்து, அதன் உட்புறத்தில் தன் தலை உயரத்துக்கு ஒரு கொக்கி போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "டிரஸ்ஸைக் கழற்றினா கீழேதானே வைக்கணும், கீழே ஈரமா இருக்கே" என்றாள். இன்று எல்லாக் கதவுகளிலும் அவள் வரைந்த உயரத்திலேயே கொக்கி இருக்கிறது.

அக்டோபரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. அக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினம், 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளை நடுவில் வைத்து மாதத்தை அமைத்தோம். வாரத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி, மற்ற நாட்களில் வகுப்புக்குள்ளேயே சின்ன வேலைகள். பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி, பழைய புத்தக விற்பனை, வாசிப்பு வாரம், மைதானத்தைச் சுற்றி நடை, கடைசி வெள்ளிக்கிழமை நாடகம். எல்லாமே நன்றாக நடந்தன. புத்தக விற்பனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொண்டுவந்து கொடுப்பவர்கள், வாங்குபவர்கள், விற்பவர்கள் எல்லோருமே பிள்ளைகள். தான் கொடுத்த புத்தகத்தை இன்னொரு பிள்ளை ஆசையாக வாங்கிப் போவதைப் பார்த்து நின்ற முகங்களை மறக்க முடியாது. விற்காமல் மீந்தவற்றை வகுப்பறை அலமாரிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

நடை நிகழ்ச்சி பற்றி உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இத்தனை சுற்று நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறவினர்களிடம் பிள்ளைகள் வாக்கு வாங்கி வருவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். அதில் பணம் அதிகம் சேரும் என்பதும் உண்மைதான். ஆனாலும் அது வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. வசதியான உறவுகள் நிறைய உள்ள பிள்ளை பெரிய தொகையோடு வரும், அப்படி யாரும் இல்லாத பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். அதிகம் வசூலித்தவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால் அந்த வேதனை மேடை ஏறிவிடும். அதனால் வகுப்புக்கு ஓர் உண்டியல் வைத்தோம். பையில் கை விட்டு எடுத்துப் போடும்போது யார் போட்டது என்ன என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஒன்றும் போடாத பிள்ளையும் எல்லோரோடும் சேர்ந்து நடந்தது. சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்காக நடைபாதையையே மாற்றி, எல்லோரும் அவன் போகக்கூடிய வழியில் போனார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே இல்லை. அது பெரியவர்களின் வேலை.

இதே காரணத்தால்தான் இந்த அறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ரசீதுப் புத்தகத்திலும் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது, தணிக்கையாளர் பார்த்துவிட்டார், அது போதும். குழாய்க்கு மேலோ கதவிலோ யார் உபயம் என்று பெயர் எழுதவில்லை. பெரிய தொகை தந்த அன்பர்கள் சிலருக்கு இதில் முதலில் சின்ன வருத்தம் இருந்தது. காரணத்தை எடுத்துச் சொன்னதும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழு மனமார்ந்த நன்றியைச் சொல்கிறது. அதே அளவு நன்றி, உண்டியலில் ஒற்றை நாணயம் போட்ட பிள்ளைக்கும்.

பணத்தைக் கையாண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திருப்பணிக்கென்று தனி வங்கிக் கணக்கு. உண்டியல்கள் முத்திரையிட்டவை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், குழுவில் ஒருவர் என்று மூவர் முன்னிலையில் திறந்து எண்ணி, மூவரும் கையெழுத்திட்டு, உடனே வங்கியில் கட்டினோம். மூத்த வகுப்புப் பிள்ளைகள் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி உதவினார்கள். எந்தச் செலவையும் ரொக்கமாகச் செய்யவில்லை. வேலைக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுத்தான் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தோம். வேலை முடிய முடியத் தவணையாகப் பணம் கொடுத்தோம்.

இனி கட்டட வேலை. பள்ளியில் கழிப்பறையை ஒரு நாள்கூட முழுசாக மூட முடியாது. அதனால் பாதியை இடித்துக் கட்டி முடிக்கும்வரை மீதிப் பாதி பயன்பாட்டில் இருந்தது, அப்புறம் அடுத்த பாதி. காலம் கூடுதலாகப் பிடித்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். எண்ணிக்கையை முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்குச் சொல்லும் அளவை வைத்துக்கொண்டோம். பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண் பிள்ளைகள் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்க ஓர் இடமும். அப்படிக் கணக்குப் போட்டால் நம் பள்ளியில் பெண் பிள்ளைகள் பக்கம்தான் குறை அதிகம். ஒட்டியிருந்த பழைய சாமான் அறையை இடித்து அந்த இடத்தை அவர்களுக்கே கொடுத்தோம்.

குழாயின் உயரத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரின் முழங்கை உயரத்தையும் சாக்பீஸால் குறித்தோம். அடுத்து மூத்த வகுப்பு. சுவரில் இரண்டு கோட்டுக் கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைகழுவும் தொட்டியும் அப்படியே இரண்டு உயரங்களில் அமைந்தது. இப்போது தண்ணீர் கையிலிருந்து நேராகத் தொட்டியில் விழுகிறது. நுழைவாயில் படியை எடுத்துவிட்டு 1:12 சரிவில் சாய்தளம் போட்டோம். அதாவது ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இடத்தை அடைக்கிறதே, செங்குத்தாகப் போட்டால் பாதி இடம் மிச்சமாகுமே என்று ஒரு கருத்து வந்தது. அப்படிப் போட்டால் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டியிருக்கும். நம் மாணவன் இப்போது தானே உருட்டிக்கொண்டு போய் வருகிறான்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. பெண் பிள்ளைகள் பக்கம் டைல்ஸ் பதித்து முடித்ததும் குழு உறுப்பினர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார்கள். கடைசி அறையில் தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் இடது மூலையில் போய்த் தேங்கி நின்றது. வாட்டம் சரியில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு நூல் அளவுதான். துடைப்பத்தால் தள்ளிவிட்டால் போகும் என்று சமாதானம் சொல்லப்பட்டது. ஆனால் பிள்ளைகள் சொன்ன முதல் குறைகளில் ஒன்றே தரை ஈரம்தான். அதை ஏற்க முடியாது என்று குழு உறுதியாக நின்றது. மறுநாள் கொத்தனார் தரையில் குந்தி, தண்ணீர் நின்ற ஓரத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்து, அந்த டைல்ஸைப் பெயர்த்து, கலவையைச் சரிசெய்து மறுபடி பதித்தார். முகம் சுளிக்காமல் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்துக்குத் தனியாகப் பணம் எதுவும் கொடுக்கவில்லை.

திறப்பு தள்ளிப் போனதே என்று பலர் கேட்டீர்கள். கான்கிரீட் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அது உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும். குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். கணக்கிட்ட பலம் வர 28 நாட்கள் ஆகும். அவசரப்பட்டுத் திறந்து, பிள்ளைகள் ஓடி ஏறும் சாய்தளத்தில் விரிசல் விழுவதைக் காட்டிலும் சில வாரம் காத்திருப்பது மேல் என்று முடிவு செய்தோம். அந்த நாட்களில் சாக்குகளை நனைத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்த பெற்றோர்களுக்கு நன்றி.

திரண்ட நிதியில் பத்தில் ஒரு பங்கை வேறொரு நற்காரியத்துக்குத் தர வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் நீங்கள் தீர்மானித்திருந்தீர்கள். எதற்கு என்பதைப் பிள்ளைகளின் வாக்கெடுப்புக்கு விட்டோம். குடிநீர் வசதி இல்லாத இன்னொரு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பள்ளி கேட்டுக்கொண்டபடி பணமாகக் கொடுக்காமல் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் வாங்கிப் பொருத்திக் கொடுத்தோம். நம் பெயர்ப் பலகை எதுவும் அங்கே வைக்கவில்லை. படம் எடுத்துப் பரப்பவும் இல்லை. அவர்கள் தந்த ஒப்புகைச் சீட்டு கோப்பில் இருக்கிறது.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கட்டுவதற்குப் பணம் கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள், சோப்பு வாங்கக் கொடுப்பவர்கள் குறைவு. இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவினால்தான் கை சுத்தமாகும். சோப்பு தீர்ந்துபோன நாளில் அத்தனை குழாய்களும் இருந்து பயன் இல்லை. ஆகவே மீதமுள்ள நிதியை வேறு எதற்கும் தொடாமல் பராமரிப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். சோப்பு, சுத்தம் செய்யும் பொருட்கள், தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவிக் குளோரின் போடுவது, குழாய் வாஷர் மாற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். சுத்தம் செய்யும் அம்மாவுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவரது சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் குழு கொண்டுவரும். அதை நீங்கள் ஆதரிக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைப்பது எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது.

பாக்கி வேலைகள் இரண்டு. ஆண் பிள்ளைகள் பக்கம் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும். வெளிச்சுவரில் பிள்ளைகள் ஓவியம் வரைய ஒரு பூச்சு பாக்கி. காண்ட்ராக்டருக்குத் தர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை, ஒப்பந்தப்படி, மழைக்காலம் ஒன்று முழுசாகக் கழியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதற்குள் ஒழுகலோ விரிசலோ கண்டால் அவர் சரிசெய்து கொடுத்த பிறகே அது போகும்.

ரசீதுப் புத்தகங்கள், பில்கள், வங்கி அறிக்கை, தணிக்கையாளர் சான்று எல்லாம் பள்ளி அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர் யாரும் பள்ளி நேரத்தில் வந்து பார்க்கலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் கேள்வி இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் பதிலோடு வருவோம். வாரம் ஒரு முறை சோப்பு, தாழ்ப்பாள், குழாய்களைப் பார்வையிடப் பெற்றோர் முறைப்பட்டியல் ஒன்று அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. இன்னும் சில வாரங்கள் காலியாக உள்ளன, பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு