இந்த வருஷக் கிளி

துங்காபி, சிட்னி
1 மார்ச் 2025

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. படி ஏறுவதில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். என் மனைவிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, காலை நடையை ஒருநாளும் விடுவதில்லை. நீ நட்டுவைத்துவிட்டுப் போன முருங்கை ஜனவரிக் காற்றில் பாதியாக முறிந்து விழுந்தது. வேரோடு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன கிழமை பார்த்தால் அடியில் நாலைந்து துளிர். விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு புதினம்: பரமட்டாவில் டிசம்பரிலிருந்து ட்ராம் ஓடுகிறது. வெஸ்ட்மீடில் ஏறினால் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "இந்த வருஷம் உங்கள் ஈல்ஸ் எப்படி?" என்று, என் ரக்பி லீக் அணியான பரமட்டா ஈல்ஸைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருந்தாய். அந்த "உங்கள்" என்ற சொல்லில் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிள்ளைகள் மெல்பேர்ன் அணியான ஸ்டோர்மின் ஊதா நிறச் சட்டையோடு வளர்ந்த வீட்டில் இருந்துகொண்டு வேறு எப்படி எழுதுவாய், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த ஆட்டத்தை எனக்குப் புரியவைத்தவன் நீதான். 1988இல், பரமட்டா ஸ்டேடியத்தின் புல்மேட்டில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தபோது, "இது கிளித்தட்டு மாதிரி இருக்கடா" என்றாய். ஒவ்வொருவனும் தன் கோட்டைக் காத்து நிற்கிறான், எதிராளி இடைவெளி பார்த்துப் புகுந்து ஓடுகிறான், எல்லோருக்கும் பின்னால் ஒருத்தன் மட்டும் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல் இங்கும் அங்கும் ஓடி எல்லோரையும் நிறுத்திவைக்கிறான். அவன்தான் கிளி. ஃபுல்பேக் என்ற சொல் எனக்கு வாயில் பழகுவதற்கு முன்னாலேயே கிளி என்ற சொல் பழகிவிட்டது. இன்றைக்கும் டிவி முன்னால் இருக்கும்போது, "எங்கே கிளி, எங்கே கிளி" என்றுதான் மனம் தேடுகிறது.

இந்த வருஷம் நம் கிளி புதுசு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

போன செப்டம்பரில் கேம்பல்டவுனுக்குப் போயிருந்தேன், கடைசிச் சுற்று. டைகர்ஸுக்கும் நமக்கும் ஆட்டம், தோற்பவர்களுக்குக் கடைசி இடம். பல வருஷமாக நம் கிளியாகக் கோடுகளைக் காத்துநின்ற கிளிண்ட் கதர்சனுக்கு அது நம் சட்டையில் கடைசி ஆட்டம். ரீகன் கேம்பல்-கில்லார்டுக்கும் மைக்கா சீவோவுக்கும் அப்படித்தான். 60-26 என்று வென்றோம். வென்ற ஆட்டம்தான், ஆனால் ரயிலுக்கு நடந்த கூட்டத்தில் ஒருவரும் சத்தம் போடவில்லை. லூமியா ஸ்டேஷன் படியில் எனக்கு முன்னால் போன ஒரு கிழவர், நீலமும் மஞ்சளுமான மஃப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்து, நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கோயிலில் வாங்கிய பட்டுத்துணியை மடிப்பதுபோல மடித்தார். கதர்சன் 2016இல் மான்லியிலிருந்து வந்தவர், பிறகு நம் கப்டன். இப்போது டிராகன்ஸ் அணியில். தாலாகியையும் விட்டுவிட்டோம், பதின்வயது தாண்டாத பெடியன், நம் கையிலேயே அறிமுகமானவன், பென்ரித் அணிக்குப் போய்விட்டான். இது எனக்கு கதர்சன் போனதைவிடக் கூடுதலாக வலிக்கிறது. வயதானவர் போவது இயற்கை. முளைவிட்டது போவது அப்படியல்ல.

போன வருஷம் முழுக்கவே அப்படித்தான் ஓடியது. மே மாதத்தில் பிராட் ஆர்தரை அனுப்பினார்கள். 2014இலிருந்து இருந்த பயிற்சியாளர், 2022இல் நம்மை கிராண்ட் ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனவர். அந்த ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்னாலேயே பென்ரித் 18-0 என்று போய்விட்டது, கடைசியில் 28-12. அந்த இரவோடு ரீட் மஹோனி, ஐசாயா பாப்பாலியி, மராட்டா நியுக்கோரே எல்லோரும் போய்விட்டார்கள். அன்றைக்கு விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பதுதான் என் கணக்கு. 2024இல் 17 அணிகளில் 15ஆவதாக வந்தோம்.

இப்போது ஜேசன் ரைல்ஸ் வந்திருக்கிறார். உங்கள் ஸ்டோர்ம் பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமியின் கையில் பாடம் படித்தவர் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தானே ப்ராப் ஆக, முன்வரிசையில் மோதுகிறவராக, ஆடிய மனிதர், இங்கிலாந்தின் ரக்பி யூனியன் அணியோடும் வேலை செய்திருக்கிறார். தலைமைப் பயிற்சியாளராக அவர் கால்வைக்கும் முதல் ஆட்டமே தன் குருவின் வாசலில். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர்மின் மைதானமான ஆமி பார்க். பெல்லமி 2003இல் பொறுப்பேற்றதிலிருந்து ஸ்டோர்ம் முதல் சுற்றில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. போன வருஷம் பட்டியலில் முதலிடம், கிராண்ட் ஃபைனலில் 14-6 என்று தோல்வி. அந்தப் பசி இருக்கும். ஜரோம் ஹியூஸ், வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கத்தோடு வருகிறார், மன்ஸ்டர் இருக்கிறார், ஹாரி கிராண்ட் இருக்கிறார். நான் மனதைத் தயார் செய்துகொண்டுதான் வருகிறேன். நாற்பது, ஐம்பது என்று வாங்கினாலும் அதை வைத்து இந்த அணியை நான் அளக்கப்போவதில்லை.

காரணம், மோசஸ் இல்லை. மிட்செல் மோசஸைக் கப்டன் ஆக்கினார்கள், ஆக்கிய சூட்டோடு பாதத்தில் காயம். போன வருஷமும் ஆரம்பத்தில் பாதம்தான். அதிலிருந்து எழும்பி வந்து, மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் குயின்ஸ்லாந்தோடு ஆடும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் இரண்டாம் ஆட்டத்தை 38-18 என்று நியூ சவுத் வேல்ஸுக்கு வென்று கொடுத்ததை நீ நேரிலேயே பார்த்தாய். மூன்றாம் ஆட்டத்தில் தொடரையும் வென்றார்கள், ஆனால் அங்கே கைத்தசை கிழிந்து அவருடைய வருஷம் முடிந்தது. அவர் இல்லாத கிழமைகளில் நம் அணி எப்படி இருந்தது என்று யாரும் எனக்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டியதில்லை. ஆறாவது டேக்கிளோடு பந்து கைமாறிவிடும், அதனால் உதைத்தாக வேண்டிய ஐந்தாவது டேக்கிள் வரும்போது நம் பெடியள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யார் உதைப்பது, எங்கே உதைப்பது என்று தெரியாத அந்த அரை நொடியில் எதிராளி வந்து விழுந்துவிடுவான். மோசஸ் இருந்தால் அந்த அரை நொடி கிடையாது. ஆனாலும் ரைல்ஸ் அவரை அவசரப்படுத்தக் கூடாது. நாலைந்து ஆட்டம் போனால் போகட்டும். எலும்பு தன் நேரத்தில்தான் கூடும், உன் முழங்கால் மாதிரி. சவுத் சிட்னியிலிருந்து வந்த டீன் ஹாக்கின்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். பக்கத்தில் டிலன் பிரவுன் இருக்கிறார். அவரும் அடுத்த வருஷம் வேறெங்கோ போகப்போகிறார் என்று கதை அடிபடுகிறது. அதைப் பற்றி இப்போதே நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கிளிக்கு வருகிறேன். பெயர் ஐசாயா இயோங்கி, பென்ரித்திலிருந்து வந்திருக்கிறான். பெரிய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் ஆடியிருக்கிறான். கதர்சனின் இடத்தில் இப்படி ஒரு பெடியனையா என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். போன கிழமை பலசரக்குக் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்கூட இந்தக் கதைதான். நான் அவன் பக்கம். ஏனென்று சொல்கிறேன், கேள்.

போன ஜூலையில் பேரனின் ஆட்டம் பார்க்க ரிங்ரோஸ் பார்க் போயிருந்தேன். அவனைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். எதிரணியில் ஒரு பெடியன் பந்தை உயர உதைத்தான். குளிர்காலத்துக் காலை, புல்லெல்லாம் ஈரம். என் பேரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரெண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால், கையை நெஞ்சோடு சேர்த்துக் கூடை மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். எட்டு வயது. மேலே பந்து, முன்னால் ஓடிவரும் நாலு பேர். கண்ணைப் பந்திலிருந்து எடுக்கவேயில்லை. பந்து கையில் பட்டுத் தெறித்தது, அவர்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை போட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் ஒரு சொல் சொல்லவில்லை, இடத்தை மாற்றவும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு பந்து அதே உயரத்துக்கு ஏறியது. பிடித்தான். பிடித்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஓடத் தொடங்கினான். இரண்டாவது பந்து வரும்வரைக்கும் அவனை அங்கே நிறுத்தி வைத்திருந்த அந்த மனிதருக்கு நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

இயோங்கிக்கும் அதைத்தான் கேட்கிறேன். ஹியூஸும் மன்ஸ்டரும் முதல் பத்து நிமிஷத்திலேயே அவன் தலைக்கு மேலே பந்தை ஏற்றிச் சோதித்துப் பார்ப்பார்கள். விடுவான். விடட்டும். அதற்காக மூன்றாம் கிழமை அவனை எடுத்துவிட்டு வேறொருவனை வைத்தால், நாலாம் கிழமை அந்த வேறொருவனும் விடுவான்.

இதனாலேயே ஸாக் லோமாக்ஸ் விஷயத்திலும் எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. சென்டரில் ஆடத்தான் அவருக்கு ஆசை, டிராகன்ஸை விட்டு வந்ததற்கே விங்குக்கு, அதாவது ஓரத்துக்கு, தள்ளினார்கள் என்ற மனக்குறைதான் காரணம். ஆனால் விங்கில் நின்றுதான் மனிதர் ஆரிஜின் ஆடினார். ஆகாயத்திலிருந்து வரும் பந்தை அவர் மாதிரிப் பிடிப்பவர்கள் இந்த லீக்கில் குறைவு. பின்னால் புதுப் பெடியன் நிற்கும்போது, வலது பக்கத்தில் லோமாக்ஸ் நின்றால் உதைக்கிறவன் ஒருமுறை யோசிப்பான். பாதிச் சுமை இறங்கும். அங்கிருந்து அவர் மோதிக்கொண்டு கொண்டுவரும் எட்டு, பத்து மீட்டர் நடுவில் நின்று மோதும் பாவ்லோவுக்கும் ஹாப்குட்டுக்கும் மூச்சு வாங்க இடம் கொடுக்கும். சென்டருக்கு வில் பெனிசினியும் ஷான் ரஸ்ஸலும் போதும். இடது பக்கத்தில் ஜோஷ் அடோ-கார், உங்கள் ஊரில் 2017இலும் 2020இலும் கோப்பை வாங்கியவர், கால் இன்னும் ஓடுகிறது. லோமாக்ஸிடம் இதை யார் எப்படிச் சொல்வது என்பது ரைல்ஸின் பாடு. கொடுத்த வாக்கு ஏதாவது இருந்தால் அதை மீறச் சொல்ல மாட்டேன், அவராகவே ஒத்துக்கொண்டால் நல்லது.

ஹூக்கர் இடம்தான் எனக்கு விடியாத இடம். மஹோனி போனதிலிருந்து பிரெண்டன் ஹாண்ட்ஸ், ஜோயி லஸிக் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். கீழே விழுந்தவன் காலடியிலிருந்து பந்தை எடுத்து, யாருக்கு, எந்த வேகத்தில் என்று ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவைக்கு மேல் முடிவு எடுக்கிற இடம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரே நிற்கப்போவது ஸ்டோர்மின் ஹூக்கர் ஹாரி கிராண்ட். இதற்கு மேல் எழுதவில்லை.

நான் சிட்னியில் இறங்கியது 1987 ஜனவரி. கோப்பை கடைசியாக பரமட்டாவுக்கு வந்தது 1986 செப்டம்பர், கேன்டர்பரியை 4-2 என்று வென்றபோது. நாலு மாதத்தில் தவறவிட்டேன். அதற்குப் பிறகு 2001, 2009, 2022 என்று மூன்று தடவை வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம். 2009இல் நீ இன்னும் இங்கே இருந்தாய். ஜாரிட் ஹேய்ன் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நீ என் தோளைப் பிடித்து உலுக்கியதில் ஒருகிழமைக்குத் தோள் நொந்தது. அன்றைக்கு ஸ்டோர்மிடம் 23-16 என்று தோற்று வெளியே வந்தபோது, "வாற வருஷம்" என்று மட்டும் சொன்னாய். அந்த வாற வருஷத்துக்கு முன்னாலேயே வேலை கிடைத்து நீ மெல்பேர்னுக்குப் போய்விட்டாய். இந்த வருஷம் கோப்பை வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மச்சான். இறுதிச் சுற்றுகளுக்குப் போகும் எட்டுக்குள் வர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆகஸ்ட் மாதத்திலும் அதே பெடியன் அதே இடத்தில் நின்று, கையைக் காட்டி மற்றவர்களை நிறுத்திவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும். மோசஸ் திரும்பி வந்து அவனோடு பத்து ஆட்டம் சேர்ந்து ஆட வேண்டும். அவ்வளவு கிடைத்தால் எனக்கு 2026க்குப் போதும்.

நாளைக்கு லாஸ் வேகாஸில் சீசன் தொடங்குகிறது, நாலு அணிகள் அங்கே. பார்ப்பேன், ஆனால் மனம் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கும்.

சனிக்கிழமை பகல் விமானத்தில் வருகிறேன். டாண்டினோங்கிலிருந்து ரயிலில் ரிச்மண்ட் போய் நடந்துவிடலாம் என்று இருந்தேன், ஆனால் உன் கால் இருக்கிற இருப்பில் அது வேண்டாம், மகளிடம் சொல், நம்மைக் காரில் வாசலில் இறக்கிவிடட்டும். டிக்கெட் ரெண்டும் எடுத்துவிட்டேன். கீழ் வரிசை, நடைபாதை ஓரம், நீ காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு வா, எனக்கு ஒன்றுமில்லை. இவள் பருத்தித்துறை வடை சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். முருங்கைக்காய் இப்போதைக்கு இல்லை, இலை கொஞ்சம் பறித்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்