பென்சிலை இன்னும் வெட்டவில்லை

பணகுடி
ஞாயிற்றுக்கிழமை

அம்மாடி,

நீ அனுப்பிய மூன்று ராக்கெட் மாடல் கிட் பெட்டிகளின் படங்களையும் உன் அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். "பத்து வயசாகப் போறவனுக்கு இதில் எதை வாங்கறதுப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மூன்றுமே சாட்டர்ன் 5, நிலவுக்கு ஆளை அனுப்பிய ராக்கெட். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹூஸ்டனில் வளர்கிற பையன் வேறு எந்த ராக்கெட்டைக் கேட்பான்? ஆனால் பெட்டி மேல் இருக்கிற படத்தைப் பார்த்து மயங்காதே. ஓரத்தில் சின்னதாக 1/ என்று போட்டு ஒரு எண் இருக்கும், அதைப் பார். நிஜத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று அது சொல்லும். நிஜ ராக்கெட் கிட்டத்தட்ட 110.6 மீட்டர். டிராகன் கம்பெனியின் 1/72 வாங்கினால் ஒன்றரை மீட்டர் வரும், உன் மகனையே தாண்டி நிற்கும். அதை வைக்க ஹாலில் சோபாவைத்தான் நகர்த்த வேண்டும். ரெவலின் 1/96 சுமார் 115 சென்டிமீட்டர். ஏர்ஃபிக்ஸின் 1/144 சுமார் 77 சென்டிமீட்டர், புத்தக அலமாரிக்கு மேலே நின்றுகொள்ளும்.

நான் சொல்வது 1/144.

ரெவல் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் ராக்கெட்டின் உடம்பு மெல்லிய பிளாஸ்டிக் தகடாக வரும், சுருட்டி ஒட்ட வேண்டும். விளிம்பு ஒரு நூல் விலகினால் கடைசி வரை கோணல். அது பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கிற வேலை. நீயோ மாப்பிள்ளையோ கையில் வாங்கிக்கொள்வீர்கள், பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன்.

லெகோவும் ஒன்று கொண்டுவந்தது, 2017-இல். நிலவில் இறங்கிய வருஷத்துக்காக 1969 துண்டுகள், ஒரு மீட்டர் உயரம். குறும்புதான்! ஆனால் அது அடுக்குவது, இவன் கேட்டது ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது. இரண்டும் வேறு வேறு வித்தை.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இரு. அப்பல்லோ காலத்து அச்சில் வருகிற சில கிட்களுக்கு வண்ணப் படத்தை 500-எஃப் என்ற சோதனை வண்டியைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். அது 1966-இல் ஏவுதளம் வரை போய்ப் பொருத்திப் பார்த்த ராக்கெட், பறக்கவே இல்லை. அதில் அடியில் இருக்கிற முதல் கட்டத்தின் இரண்டு டாங்குகளுக்கு நடுவே இருக்கிற பகுதியிலும் கறுப்பு உண்டு. அந்தக் கறுப்பு வெயில் சூட்டை இழுக்கிறது என்று, பறக்கப்போன ராக்கெட்டுகளில் வெள்ளையாக்கிவிட்டார்கள். அதனால் காகிதத்தை நம்பாமல் அப்பல்லோ 11 கிளம்பும் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல். அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் எதற்கு என்று கேட்டால், ராக்கெட் மேலே போகும்போது எவ்வளவு உருள்கிறது என்று கேமராவில் பார்க்கத்தான் என்று சொல்.

உங்கள் ஊர் விண்வெளி மையத்துக் கொட்டகையில் நிஜ சாட்டர்ன் 5 படுத்திருக்கிறதே, அதையும் ஒருதரம் மறுபடி காட்டு. மூன்று கட்டமும் பறப்பதற்கென்றே செய்தவை. கடைசிப் பயணங்களை ரத்து செய்துவிட்டதால் மிஞ்சிப்போனவை. பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, அப்புறம்தான் கூரை கிடைத்தது. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் உன் அம்மாவும் வந்தோமே, அன்றைக்கு அந்த ஐந்து இன்ஜின்களுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வாயும் 3.7 மீட்டர் அகலம். அதே வாய் 1/144-இல் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஒரு பாட்டில் மூடி அளவு. பையன் அங்கே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த மூடியைக் கையில் எடுக்கட்டும்.

சரி, வேடிக்கை பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே.

1994 அக்டோபர் 15, நம் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல்முறை வெற்றியாகப் போனது. அதற்கு முந்தின வருஷம் விழுந்த ராக்கெட். மகேந்திரகிரி இஸ்ரோ நிலையத்தில் விகாஸ் என்ற ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கும்போது மலைப்பக்கம் உறுமுகிற சத்தம் கேட்டே வளர்ந்தவள் நீ. அந்த இன்ஜின்தான் அதன் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதையே செய்ய வேண்டும் என்று நின்றாய். நான் சார்ட் பேப்பரைச் சுருட்டினேன், தெர்மோகோல் செதுக்கினேன், வெள்ளை எனாமல் அடித்தேன். நீ "நான் ஒட்டட்டுமாப்பா?" என்று நாலு தரம் கேட்டாய். "பசை வழிஞ்சிரும், நீ புடிச்சுக்கோ" என்றேன். இரண்டாம் பரிசு வந்தது. வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை என்னிடம் நீட்டி "இந்தாங்க, உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாய். அது இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது.

ஆகையால் கத்தி பிடிக்கிற இடத்தில் மட்டும் நீ கூட உட்கார். மற்றதை அவன் செய்யட்டும். பசை வைக்கும்முன் இரண்டு பாதியையும் சும்மா சேர்த்துப் பார்க்கச் சொல். அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற சாதி, ஃபெவிகால் மாதிரி நினைத்து அள்ளி வைத்தால் சுவரே குழைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வை. ஸ்பிரே அடிப்பது வீட்டுக்கு வெளியே. ஒட்டின கோடு வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

1/144 என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே அளவில் நான் இங்கே பி.எஸ்.எல்.வி. செய்யப்போகிறேன். சார்ட் பேப்பர் இல்லை. அதன் உடம்பு 2.8 மீட்டர் விட்டம், 144-ஆல் வகுத்தால் 19.4 மில்லிமீட்டர். முப்பத்தைந்து வருஷம் நான் சுவருக்குள் புதைத்த முக்கால் இஞ்ச் வயரிங் பைப்பை வெர்னியரில் அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான்! சிரித்துவிட்டேன். சுற்றிலும் ஆறு பூஸ்டர், அதாவது கூடச் சேர்ந்து தள்ளுகிற சின்ன ராக்கெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டம். அது 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது உருண்டைப் பென்சில். சந்திரயான் 1 போன ரகத்தில் பூஸ்டர் நீளம் 12 மீட்டர், எனக்கு 8.3 சென்டிமீட்டர் துண்டு ஆறு வேண்டும். தலைக்கூம்பு மட்டும் 3.2 மீட்டர் விட்டம், அதைக் கடைசல் பட்டறையில் கட்டையில் இழைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்கள்.

மொத்தம் 31 சென்டிமீட்டர்கூட வராது. அவனுடைய 77-க்குப் பக்கத்தில் நின்றால் கேலி செய்வான், செய்யட்டும். நிஜத்தில் அது சுமார் 2,900 டன், நம்முடையது 320 டன். ஆனால் அவன் ஆச்சி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் சத்தம் கேட்கிற ராக்கெட் நம்முடையதுதான் என்று சொல்லிவிடு.

பெட்டி வந்ததும் முதல் கட்டத்தின் விட்டத்தை அவனையே அளந்து எழுதச் சொல். 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற உருப்படியும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்த பிறகுதான் பென்சிலை வெட்டுவேன். உன் அம்மா வேறு அந்த ஆறு பென்சிலையும் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் அனுப்பச் சொல்.

அன்புடன்,
அப்பா